சீர் பைன்: குமாவோன் மலையில் ஏன் எங்கு பார்த்தாலும் இந்த ஒரே மரம்?

நெடுவழி

உத்தராகண்டில் காத்கோதாமில் இருந்து மலையேறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சாலையோரம் ஒரு பைன் மரம் வரத் தொடங்கியது. நடுவில் சில இடங்களைத் தவிர அல்மோரா வரைக்கும் அதேதான். நீளமான ஊசியிலை, செம்பழுப்புப் பட்டை, அடியில் வேறு செடி எதுவும் தலைகாட்ட முடியாத அளவுக்குக் காய்ந்த சருகு. வண்டி ஓட்டியவர், "வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்ட மரம். எங்கள் ஊரில் ஊற்று வற்றியதும் காடு எரிவதும் இதனால்தான்" என்றார். தங்கிய வீட்டுப் பெரியவரோ இது ஆதியிலிருந்தே இங்குள்ள மரம் என்று அடித்துச் சொன்னார்.

இருவரில் யார் சொல்வது சரி? இந்த மரம் உண்மையில் எப்படிப்பட்டது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள்.

வனபாலன்

பெரியவர் சொன்னதுதான் சரி. வண்டி ஓட்டியவர் சொன்னதில் பாதிக்கு வேறு காரணம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் பார்த்தது சீர் பைன், இந்தியில் சீட். அறிவியல் பெயர் பைனஸ் ராக்ஸ்பர்கி. ஆப்கானிஸ்தானின் கிழக்கு ஓரம், பாகிஸ்தானின் வடபகுதி, ஜம்மு, இமாச்சல், உத்தராகண்ட், நேபாளம், சிக்கிம், பூடான், அருணாசலம் என்று இமயத்தின் கீழ்ச்சரிவு நெடுக இயற்கையாக வளர்கிறது. பொதுவாக 500 மீட்டரில் இருந்து 2,000 மீட்டர் உயரம் வரை. சில இடங்களில் 2,300 வரை ஏறும். இவ்வளவு நீளமான பரப்பில் யாரும் நட்டு வளர்த்திருக்க முடியாது.

வெள்ளைக்காரர் பெயர் ஒட்டிக்கொண்டது மட்டும் உண்மை. வில்லியம் ராக்ஸ்பர்க் ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்திய கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர், 1793-ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்றார். இந்த மரத்துக்கு அவர் வைத்த பெயர் லாங்கிஃபோலியா, அதாவது நீள இலைக்காரன். அந்தப் பெயர் அமெரிக்கப் பைன் ஒன்றுக்கு முன்பே வைக்கப்பட்டிருந்ததால் செல்லாமல் போயிற்று. 1897-ல் அமெரிக்கத் தாவரவியலாளர் சார்ஜென்ட், ராக்ஸ்பர்க்கின் பெயரையே மரத்துக்குச் சூட்டினார்.

அடையாளம் எளிது. ஒரு கொத்தில் மூன்று ஊசிகள், ஒவ்வொன்றும் 20 முதல் 35 செ.மீ. வெளிர்பச்சை, கொஞ்சம் தொங்கினாற்போல இருக்கும். மரம் 30 மீட்டர் சாதாரணமாக வளரும், நல்ல இடத்தில் 50-ஐத் தொடும். முதிர்ந்த மரத்தின் பட்டை தடித்து, ஆழமாகப் பிளந்து, சுவரில் காரை உதிர்ந்து தெரியும் செங்கல் போல இருக்கும். கூம்பு 12 முதல் 24 செ.மீ., கையில் எடுத்தால் நல்ல கனம், செதில் நுனி கொக்கிபோல வளைந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்கு மிக நெருங்கிய உறவு இமயத்தில் இல்லை. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக்கில் இருக்கும் கானரித் தீவுகளின் பைன்தான் இதன் நெருங்கிய சொந்தம். இரண்டுக்கும் நடுவே இத்தனை ஆயிரம் கிலோமீட்டர். மிகப் பழைய காலத்தில், இப்போது இல்லாத தெதிஸ் என்ற கடலை ஒட்டி இருந்த ஒரு கூட்டத்தின் இரண்டு முனைகள் இவை என்று கருதுகிறார்கள். அந்தத் தீவுப் பைனும் மூன்று நீள ஊசி, தடித்த பட்டை, தீயில் பிழைக்கும் குணம் என்று இதேபோலத்தான்.

குறும்பலா

அப்படியென்றால் கொடைக்கானலில் எல்லோரும் போட்டோ எடுக்கிற பைன் காடும் இதுதானா? எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது :)

வனபாலன்

இல்லை. அது பைனஸ் பட்டுலா, மெக்சிகோ மரம், நட்டு வளர்த்தது. "வெள்ளைக்காரன் நட்டது" என்ற வாக்கியம் அங்கே பொருந்தும். தென்னிந்தியாவில் இயற்கையான பைன் எதுவும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்குச் சொந்தமான ஒரே கூம்புவகை மரம் நகேயா வாலிச்சியானா. அது ஊசியிலை மரமே அல்ல, அகன்ற இலை. அகத்தியமலைப் பக்கம் ஈரக்காட்டில் நிற்கும், பார்த்தால் பைனோடு தொடர்புள்ள மரம் என்று தோன்றவே தோன்றாது.

இந்தியாவின் சொந்தப் பைன்களை ஊசியை எண்ணியே பெரும்பாலும் பிரித்துவிடலாம். கொத்துக்கு ஐந்து என்றால் நீலப் பைன், அங்கே கைல் என்பார்கள், சீரின் எல்லை முடியும் உயரத்துக்கு மேல் வரும். மூன்று என்றால் சீர், சில்கோசா, காசி பைன் ஆகியவற்றில் ஒன்று. சில்கோசா இமாச்சலின் கின்னௌர் போன்ற வறண்ட உள்மலைகளில் மட்டும், அதன் பருப்பைத்தான் கடைகளில் யானை விலைக்கு விற்கிறார்கள். காசி பைன் மேகாலயா, நாகாலாந்து, மணிப்பூர்ப் பக்கம். தேவதாரு பைன் கிடையாது, சீடர் வகை. அதன் ஊசி சிறியது, குஞ்சம் குஞ்சமாக இருக்கும்.

மஞ்சள்கொன்றை

நான் நைனிதால் மாவட்டத்தில் பள்ளியில் வேலை பார்க்கிறேன், இந்த மரத்தோடுதான் வாழ்கிறேன். வனபாலன் சார் சொல்வதில் தப்பில்லை. ஆனால் "சொந்த மரம்" என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கே பெண்களிடம் கேளுங்கள், சீரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வராது.

சருகை இங்கே பிரூல் என்பார்கள். அது சரிவில் உதிர்ந்து கிடக்கும்போது கால் வைத்தால் வழுக்கும். புல் அறுக்கப் போன பெண்களும், மேய்ந்த மாடும் விழுந்து அடிபடுவது சாதாரணமாக நடக்கிற ஒன்று. மாடு இதன் இலையைத் தின்னாது. எருக்குழியில் போட்டால் மக்க நாளாகும். விறகாக எரித்தால் கரும்புகை. பாஞ்ச் ஓக் என்ற அகன்ற இலை மரம் அப்படி இல்லை. தழை தீவனம், கிளை விறகு, சருகு எரு, கீழே ஈரமான கறுப்பு மண், அதற்குக் கீழே ஊற்று. இங்கே நௌலா என்று கல் கட்டிய பழைய ஊற்றுத் தொட்டிகள் உண்டு, அவை பெரும்பாலும் பாஞ்ச் காட்டின் அடியில்தான் இருக்கும். பாஞ்ச் போய் சீர் வந்த இடத்தில் ஊற்று சுருங்கிவிட்டது என்பது ஊரார் அனுபவம். படிக்காதவர்கள் சொல்வது என்று தள்ளிவிடாதீர்கள்.

கரிமவளையம்

தள்ளவே முடியாது. நான் மண்ணியல் பக்கம் இருப்பவன், அந்தக் கோணத்தில் மட்டும் எழுதுகிறேன்.

பாஞ்ச் காட்டை சீர் பிடித்துக்கொள்வது பற்றி குமாவோன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1984-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். சாரம் இது: சீர் ஊசியில் கரிமம் மிக அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. தன் இலையை உதிர்க்கும் முன்பே அதிலிருக்கும் சத்தில் பெரும்பகுதியை மரம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட சருகு தரையில் விழும்போது அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. மண்ணில் செடிக்குக் கிடைக்கும் நைட்ரஜன் குறைகிறது. குறைந்த சத்தில் வாழ சீரால் முடியும், பாஞ்ச் நாற்றால் முடியாது. சீர் தனக்கு ஏற்றபடி மண்ணை மாற்றிவைத்துக்கொள்கிறது என்று சொன்னால் பெரிய தவறில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் "பைன் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. வேறுபாடு மரம் குடிப்பதில் இல்லை, தரையில் இருக்கிறது. பாஞ்ச் காட்டின் தரையில் மக்கு அடுக்கு, புதர், பாசி, சிறு செடி எல்லாம் சேர்ந்து மழையை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குகின்றன. வருஷா வருஷம் எரிந்து, ஆடுமாடு மிதித்து இறுகிப்போன சீர் சரிவில் மழை ஓடிவிடும். அதோடு ஊற்று எங்கே வரும் என்பதை அடியிலுள்ள பாறையின் வெடிப்பும் சாய்வும்தான் முதலில் தீர்மானிக்கின்றன. பாஞ்ச் இயல்பாகவே ஈரமான, வடக்கு நோக்கிய சரிவில் நிற்கும் மரம். சீர் வெயில் விழும் தெற்குச் சரிவைப் பிடிக்கும். ஊற்றுள்ள இடத்தில் பாஞ்ச் நிற்கிறதா, பாஞ்ச் நிற்பதால் ஊற்றா என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஊரார் பார்த்தது பொய் இல்லை, அதற்குச் சொல்லும் காரணம்தான் கொஞ்சம் மாற வேண்டும்.

நெடுவழி

அப்ப தீ? அதைத்தான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள ஆசை. பைன் தானாகப் பற்றிக்கொள்ளுமா? கூம்பு உருண்டு உரசினாலே தீ வரும் என்றுகூட ஒருவர் சொன்னார்.

வனபாலன்

கூம்பு உருண்டு தீ வராது. எரிகிற கூம்பு சரிவில் உருண்டு கீழே போய்ப் புதிய இடத்தில் தீ வைப்பது உண்டு, அந்தக் கதை அதிலிருந்து கிளம்பியிருக்கும். இந்தக் காடுகளில் தீ கிட்டத்தட்ட எப்போதும் மனிதக் கையால்தான் தொடங்குகிறது. பீடித் துண்டு, வயல் ஓரத்தில் எரித்த குப்பை, சாலைத் தார் வேலை, சில நேரம் வேண்டுமென்றே. மஞ்சள்கொன்றை சொன்ன வழுக்கும் பிரூலை எரித்தால் மழைக்குப் பிறகு நல்ல புல் வரும், அதற்காக வைப்பதும் பழைய வழக்கம்.

ஆனால் தீயை வரவேற்கும் உடம்பு இந்த மரத்துக்கு இருக்கிறது. ஊசிகள் உதிரும் காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரை. மலையில் மிகக் காய்ந்த மாதங்களும் அவைதான். வறண்ட சரிவில் மே மாதம் மரமே பாதி மொட்டையாகத் தெரியும். பிசின் ஊறிய அந்தச் சருகு ஒன்றோடொன்று குறுக்கும் நெடுக்குமாக விழுவதால் நடுவில் காற்று நிற்கும், தீக்கு இதைவிட என்ன வேண்டும்?

பெரும்பாலும் தீ தரையோடு ஓடும், உச்சிக்கு ஏறாது. மரத்தின் பட்டை தடிப்பு, கீழ்க்கிளைகள் இளமையிலேயே உதிர்ந்துவிடும். அதனால் அடிமரம் கருகினாலும் உள்ளே உயிர் இருக்கும். கன்றுகளைத்தான் கவனித்துப் பார்க்க வேண்டும். சீர் கன்று முதலில் மேலே வளர அவசரப்படாது, வேரை ஆழமாக இறக்கும். மேல்பகுதி எரிந்துபோனால் வேர்க்கழுத்தில் இருந்து மறுபடி துளிர்க்கும். பைன்களில் இப்படித் துளிர்ப்பது அபூர்வம். சில வருடங்கள் புதர்போலக் கிடந்து, தீ வராத ஓர் இடைவெளி கிடைத்ததும் சரசரவென்று நிமிர்ந்துவிடும். அந்தப் புதர்ப் பருவத்தில் ஊசிகள் சிறியவை, தனித்தனி, நீலம் கலந்த பச்சை. தெரியாதவர் அதை வேறு செடி என்றே நினைப்பார்.

விதையும் இதற்கேற்ற நேரத்தில் வருகிறது. வசந்தத்தில் ஆண்கூம்புகள் மகரந்தம் கொட்டும், மஞ்சள் பொடி காற்றில் புகைபோலப் போவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு மகரந்தத் துகளுக்கும் இரண்டு காற்றுப்பைகள் உண்டு. அது பெண்கூம்பில் சேர்ந்தபிறகு கூம்பு முதிர இரண்டு ஆண்டு. முதிர்ந்த கூம்பு வெயிலில் விரிந்து, இறக்கை முளைத்த விதையைக் கோடையில் பறக்கவிடும். விதை மழை தொடங்கியதும் முளைக்கும். சருகு மூடிய தரையில் வேர் மண்ணைத் தொடாது. எரிந்த தரை, நிலச்சரிவு, கைவிட்ட வயல், சாலை வெட்டிய சரிவு, இப்படி வெறும் மண் தெரிகிற இடம்தான் அதற்குப் பிடிக்கும். நிறைய வெளிச்சமும் வேண்டும், நிழலில் தேறாது. காலி இடத்தில் முதலில் குடியேறும் மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறும்பலா

சரி, தீ வைப்பவன் மனிதன், பயன்பெறுபவர் சீர். நல்ல கூட்டணி. அப்ப எல்லாவற்றையும் வெட்டிவிட்டு பாஞ்ச் நட்டால் என்ன?

வனபாலன்

வெட்டுவது அவ்வளவு எளிதல்ல. ஊரார் மரங்களைக் கட்டிப்பிடித்து வெட்டவிடாமல் தடுத்த சிப்கோ போராட்டத்துக்குப் பிறகு 1981-ல், அப்போது உத்தரப் பிரதேசத்தில் இருந்த இந்த மலைகளில் 1,000 மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. அதன் நோக்கம் மலைச்சரிவுகளைக் காப்பாற்றுவது. சீருக்கும் அதே காப்பு கிடைத்தது. ஊரார் குறைசொல்லும் மரத்தை ஊரார் போராடி வாங்கிய தடையே காப்பாற்றியது கொஞ்சம் விசித்திரம்தான். இன்று உத்தராகண்டில் சீர் காடு சுமார் 4 லட்சம் ஹெக்டேர். அதை மொத்தமாக வெட்டினால் அந்தச் சரிவுகளில் அடுத்த மழைக்கு மண்ணே நிற்காது. அதில் பெரும்பகுதி பாஞ்ச் ஒருபோதும் வளராத சூடான, மெல்லிய மண் கொண்ட தாழ்சரிவு. அங்கே சீரை எடுத்தால் உண்ணிச்செடியும் புதரும்தான் வரும்.

மஞ்சள்கொன்றை

அந்தத் தாழ்சரிவைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை சார். 1,500, 1,800 மீட்டரில் பாஞ்ச் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் பிரச்சினை. அது தானாக வந்ததா? வண்டி ஓட்டியவர் "வெள்ளைக்காரன்" என்று சொன்னதற்கு இங்கேதான் அர்த்தம் இருக்கிறது.

ஆங்கிலேயருக்கு ரயில்பாதைக்குக் கட்டை வேண்டும். முதலில் தேவதாருவைத் தீர்த்தார்கள். சீர்க் கட்டை சீக்கிரம் உளுக்கும், ஆனால் கிரியோசோட் மருந்து ஏற்றினால் தாங்கும் என்று தெரிந்ததும் அதற்கும் மதிப்பு வந்தது. அதோடு லீசா, அதாவது பிசின். வனத்துறைக்கு வருமானம் தந்தது சீர், ஊராருக்குப் பயன்பட்டது பாஞ்ச். எந்த மரத்தை அவர்கள் வளர்த்திருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? 1911-ல் தொடங்கி சில ஆண்டுகளில் குமாவோனின் ஊர்க்காடுகள் பெரும்பகுதி அரசின் ஒதுக்குக் காடாக மாறின. தழை ஒடிக்க, மேய்க்க, புல்லுக்காகத் தரையை எரிக்க எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு.

அதன் விளைவுதான் 1921. அந்த ஜனவரியில் பாகேஷ்வரில் மகர சங்கராந்திக்குக் கூடிய மக்கள், கூலியில்லா வேலைக்கான பதிவேடுகளை சரயு ஆற்றில் எறிந்தார்கள். கோடையில் காடுகள் எரிந்தன. எரிந்தவை பெரும்பாலும் சீர் காடுகள், பிசின் எடுக்கும் காடுகள். தங்களுக்கு வேண்டிய அகன்ற இலைக் காடுகளை மக்கள் தொடவில்லை. கோபத்தில்கூட எதை எரிப்பது என்று தெரிந்துதான் எரித்தார்கள். பிறகு குறைகேட்பு ஆணையம் வந்தது, 1931-ல் வன பஞ்சாயத்து விதிகள் வந்தன, அதாவது ஊராரே காட்டை நிர்வகிக்கும் ஏற்பாடு. இப்போதும் இங்கே வன பஞ்சாயத்துகள் இருக்கின்றன, நன்றாக நடக்கும் ஊர்களில் பாஞ்ச் காடு பார்க்கவே அழகாக இருக்கும்.

வனபாலன்

வரலாறு சரி. ஆனால் முழுப் பழியும் அங்கே போகாது. பாஞ்ச் மரத்தைத் தீவனத்துக்கும் விறகுக்கும் உச்சி வரை ஒடித்துக்கொண்டே இருந்தால் காடு வெளிச்சமாகிறது. அந்த வெளிச்சத்தில் பக்கத்துச் சரிவிலிருந்து சீர் விதை பறந்து வருகிறது. பாஞ்ச் கொட்டை கனமானது, காற்றில் போகாது. அப்புறம் ஒரு தீ வருகிறது. பாஞ்ச் நாற்று போய்விடும், சீர் கன்று துளிர்க்கும். இதற்கு எந்த அரசும் ஆணை போட வேண்டியதில்லை. பயன்படும் மரம் என்பதாலேயே பாஞ்ச் அழிகிறது, பயனில்லாத மரம் என்பதாலேயே சீர் பிழைக்கிறது என்பது என் கருத்து. உங்களுக்குக் கோபம் வரலாம் :)

மஞ்சள்கொன்றை

கோபம் இல்லை, பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு, அடுத்தமுறை புல்கட்டைச் சுமந்து பிரூல் மேல் நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தச்சன்மகன்

பிசின் பற்றி யாராவது விரிவாகச் சொல்ல முடியுமா? எங்கள் வேலையில் டர்பன்டைன் புழங்குகிறோம், ஆனால் எப்படி வருகிறது என்று தெரியாது. இன்னொன்று, சீர்ப் பலகை வாங்கினால் காய்ந்ததும் முறுக்கிக்கொள்கிறது. ஏன்?

வனபாலன்

முறுக்கு முதலில். சீர் மரங்களில் பலவற்றுக்கு நார் நேராக ஓடாமல் மரத்தைச் சுற்றிச் சுருளாக ஏறும். சில மரங்களில் பட்டைப் பிளவே சாய்ந்து சுற்றுவது வெளியே தெரியும். அப்படிப்பட்ட மரத்தை அறுத்தால் பலகை காயும்போது திருகும், வெடிக்கும். இது மரபுவழி வரும் குணம் என்றே வனவியலாளர்கள் கருதினர். நேரான மரங்களையே தேடித் தேடி வெட்டியதால், விதை போட மிஞ்சியவை முறுக்கு மரங்கள் என்ற வாதமும் உண்டு. வாங்கும் முன் நாரைப் பாருங்கள், நேராக இருந்தால் கதவுச் சட்டம், பெட்டி எல்லாவற்றுக்கும் போதும்.

பிசின்: மரத்துக்குக் காயம் பட்டால் அதை மூட ஊறுவதுதான் பிசின். பூச்சியும் பூஞ்சையும் நுழையாமல் அடைக்கும். அந்தக் குணத்தைத்தான் மனிதன் பிடித்துக்கொண்டான். பழைய முறையில் அடிமரத்தைச் செதுக்கி ஆழமான காயம் போட்டு, கீழே தகரத் துண்டு பொருத்திக் கிண்ணத்தில் வடிப்பார்கள். வாரம் தோறும் காயத்தை மேலே நீட்டுவார்கள். மரம் பலவீனமாகிக் காற்றில் முறியும். பிறகு வந்த முறையில் பட்டையை மட்டும் சுரண்டி, நடுவே ஒரு கோடு, இருபுறமும் சாய்ந்த மெல்லிய கீறல்கள். மேலே நீர்த்த அமிலம் தெளித்தால் பிசின் அதிக நேரம் வடியும், கட்டைக்கும் சேதம் குறைவு.

வடித்ததைக் காய்ச்சினால் ஆவியாகி வருவது டர்பன்டைன், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அடியில் நிற்பது ரோசின், முக்கால் பங்கு. காகிதம், சோப்பு, வார்னிஷ், ஈயப்பற்று, வயலின் வில்லுக்குத் தேய்ப்பது எல்லாம் ரோசின்தான்.

இதில் ஒரு கெடுதல் உண்டு. பிசின் எடுத்த காயம் அடிமரத்தில், தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தரைத்தீ வந்தால் தடித்த பட்டை காக்கும் என்றேனே, அந்தக் காப்பு சரியாக அந்த இடத்தில் இல்லை. பிசின் ஊறிய காயம் விளக்குத்திரி மாதிரி பற்றும். தீக்குப் பின் சீர் காட்டில் அடி எரிந்து விழுந்து கிடக்கும் மரங்களில் பிசின் காயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கரிமவளையம்

டர்பன்டைன் என்றதும் ஒரு வேதியியல் துணுக்கு. சீர் டர்பன்டைனில் லாங்கிஃபோலீன் என்று ஒரு சேர்மம் இருக்கிறது. ராக்ஸ்பர்க் வைத்த பெயர் மரத்துக்கு நிலைக்கவில்லை, இந்தச் சேர்மத்தில் நிலைத்துவிட்டது. அதன் மூலக்கூறு மிகச் சிக்கலானது, 1960-களில் அமெரிக்க வேதியியலாளர் கோரி அதை ஆய்வகத்தில் கட்டி எழுப்பியது இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. பூஜைக் கற்பூரத்தில் பெரும்பகுதி டர்பன்டைனில் உள்ள ஆல்ஃபா பைனீனில் இருந்து செய்வதுதான். ஆனால் சீர் டர்பன்டைனில் கேரீன் அதிகம், பைனீன் குறைவு, அதனால் கற்பூரத்துக்கு அது அவ்வளவு தோதில்லை.

நெடுவழி

அருமையாகப் போகிறது. பிரூலை அள்ளிவிட்டால் தீ குறையுமே, அதை ஏன் செய்வதில்லை?

மஞ்சள்கொன்றை

செய்கிறார்கள், போதாது. 2016 கோடையில் 4,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. விமானப்படை ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியில் தண்ணீர் மொண்டு ஊற்றியது. 2024 ஜூனில் பின்சர் சரணாலயத்தில் தீ அணைக்கப் போன வனத்துறை ஊழியர்கள் உயிரிழந்தார்கள். அந்த மே மாதம்தான் மாநில அரசு பிரூலைக் கிலோ 50 ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது.

பிரூலில் கட்டி எரிபொருள் செய்கிறார்கள். பித்தோராகட் மாவட்டத்தில் பெரிநாக் பக்கம் அதை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் சிறு நிலையம் வந்தது. மாட்டுக்கொட்டகையில் விரிக்கவும், இமாச்சலில் ஆப்பிள் பெட்டியில் போடவும் முன்பிருந்தே பயன்படுகிறது. சிக்கல் எடையில் இருக்கிறது. பிரூல் லேசானது, இடத்தை அடைக்கும். செங்குத்தான சரிவில் வாரிக் கட்டிச் சாலை வரை சுமந்து வருவதற்குள் ஒருநாள் போய்விடும். அதுவும் கிடைக்கும் காலம் கோடையில் சில வாரம்தான், மழை பெய்தால் முடிந்தது. ஊரில் இளைஞர்கள் இல்லை, யார் சுமப்பது?

கரிமவளையம்

முழுவதையும் அள்ளவும் கூடாது. ஏற்கனவே ஏழை மண், சருகையும் எடுத்தால் திரும்பப் போவது எதுவும் இல்லை. சாலையோரம், ஊர் எல்லை, தீத்தடுப்புக் கோடு, பாஞ்ச் காட்டை ஒட்டிய பட்டை ஆகிய இடங்களில் அள்ளினால் போதும். தாழ்சரிவில் குளிர்காலம் முடியும் முன் கட்டுப்பாட்டோடு எரிப்பது வனத்துறைக்குப் பழகிய முறைதான், நானும் அதற்கு ஆதரவு.

குறும்பலா

பாஞ்ச் திரும்பி வருமா வராதா, ஒரே வரியில்?

மஞ்சள்கொன்றை

உயரம் சரியாக இருந்து, தீயும் ஆடும் நுழையாமல் காத்தால் வருகிறது. எங்கள் பக்கம் ஒரு வன பஞ்சாயத்துக் காட்டில் உச்சியில் சீர், அதன் அடியில் இடுப்பளவு பாஞ்ச், புராஞ்ச் (ரோடோடென்ட்ரான்) என்று நிற்கிறது. சீரின் நிழல் அடர்த்தி இல்லாததால் கீழே வருவதற்கு வெளிச்சம் போதும். சீர் நாற்றுதான் அந்தக் கலப்பு நிழலில் தேறவில்லை. சீரை வெட்டவே இல்லை.

வனபாலன்

இப்படித்தான் வர வேண்டும். வெட்டி நட்டதைவிட இது நிலைக்கும்.

நெடுவழி

கடைசியாக ஒன்று. நான்கு கூம்பு எடுத்து வந்திருக்கிறேன். சமவெளியில் விதை போட்டால் முளைக்குமா?

வனபாலன்

செதில் விரிந்த கூம்பு என்றால் விதை ஏற்கனவே பறந்திருக்கும், தட்டிப் பாருங்கள். மூடிய கூம்பு இருந்தால் வெயிலில் வைத்தால் விரியும். விதை 8, 9 மி.மீ. இருக்கும், அதோடு நாலு செ.மீ. இறக்கை. நன்றாகவே முளைக்கும், முளைத்தபின் தேறுவதுதான் கடினம். பைன் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை மண்ணில் இல்லையென்றால் நாற்று மஞ்சளடித்து அப்படியே நின்றுவிடும். பைன் இல்லாத நாடுகளில் முதன்முதலில் நட்டபோது பல இடங்களில் இதுதான் நடந்தது, பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகே நாற்றங்கால் தேறியது. தொட்டியில் வைப்பதானால் நீளமான தொட்டியாக வையுங்கள், ஆணிவேர் முதல் வருடமே ஆழமாக இறங்கும். மேலே ஒன்றும் வளரவில்லையே என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள்.